ஆனந்தரங்கப் பிள்ளை: பெரம்பூரில் பிறந்தவர் புதுச்சேரியின் கதையை எழுதி வைத்தது எப்படி?

ஆவடி, பருத்திப்பட்டு, அம்பத்தூர் பக்கம் இருந்து தினமும் மின்சார ரயிலில் சென்ட்ரல் போகிறவர்களுக்கு பெரம்பூர் வழியில் வரும் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். 300 ஆண்டுகளுக்கு முன்பு அது சென்னைப்பட்டணத்துக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். 1709 மார்ச் 30 அன்று அங்கே பிறந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால், 18ஆம் நூற்றாண்டில் தமிழகக் கடற்கரையில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் 'பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி' என்று ஒரு வரியில் கடந்துபோகும் பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், கலப்பினக் குடும்பங்கள், ஆர்மீனிய வணிகர்கள், தமிழ்க் கிறிஸ்தவர்கள், முஸ்லிம் சிப்பாய்கள், தெலுங்கு பேசும் வியாபாரிகள் என்று பலரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு காலனி நகரமே இருக்கிறது. அந்த நகரத்தில் யார் யாரோடு சேர்ந்து சாப்பிட்டார்கள், யார் யாரைத் தள்ளி வைத்தார்கள், யார் சொன்னால் கவர்னர் கேட்டார், யார் சொன்னால் கேட்கவில்லை என்பதை எல்லாம் உள்ளே இருந்து பார்த்து எழுதியவர் இவர்.

யார் இவர், என்ன எழுதினார், இன்றைக்கு ஏன் படிக்க வேண்டும்? பார்க்கலாம்.

துபாஷி என்றால் யார்?

இரண்டு மொழி தெரிந்தவர் என்பதுதான் துபாஷி என்ற சொல்லுக்கு நேரடிப் பொருள். ஆனால் அவர் வேலை மொழிபெயர்ப்போடு முடிவது இல்லை.

ஐரோப்பியக் கம்பெனிகள் இங்கே வந்ததே முக்கியமாகத் துணிக்காகத்தான். கம்பெனிக்காரர்களுக்கு நெசவாளர் யார், எந்த ஊரில் என்ன துணி கிடைக்கும், எவ்வளவு முன்பணம் கொடுத்தால் சரக்கு வந்து சேரும் என்று எதுவும் தெரியாது. தமிழும் தெலுங்கும் தெரியாது, நவாபின் அரண்மனை நடைமுறையும் தெரியாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் புள்ளி ஒருவர் தேவைப்பட்டார். அவரே வியாபாரத் தரகர், அவரே தூதர், ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அவரே தலைமை. தலைமை துபாஷி என்றால் புதுச்சேரித் தமிழர்களுக்கு அவர்தான் பெரியவர். கம்பெனிக்கு அவர்தான் கண், காது, வாய் எல்லாம்.

பணமும் மரியாதையும் கொட்டும் பதவிதான். ஆனால் கவர்னரின் முகம் கொஞ்சம் சுளித்தாலும் எல்லாம் போய்விடும். இதை ஆனந்தரங்கர் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார்.

7 வயதில் பார்த்த முதல் பாடம்

ஆனந்தரங்கரின் அப்பா திருவேங்கடம் பிள்ளை ஒரு வணிகர். பெரம்பூர், அயனாவரம் பகுதியில்தான் குடும்பம் இருந்தது. அப்போது இந்த ஊர்கள் ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இல்லை. பெரம்பூர், வேப்பேரி உள்ளிட்ட 5 கிராமங்கள் கம்பெனிக்குக் கிடைத்ததே 1742இல்தான். மேற்கே பூந்தமல்லி வரையிலான கிராமங்கள் எல்லாம் ஆற்காடு நவாபின் ஆளுகையில் இருந்தன. செங்கல்பட்டுச் சீமையே ஜாகீராகக் கம்பெனியிடம் போனது 1763இல். அதாவது கோட்டைக்குள் இங்கிலீஷ்காரன், கோட்டைக்கு வெளியே சில மைல் தாண்டினால் நவாப் என்ற நிலை.

ஆனந்தரங்கருக்கு 3 வயது ஆனபோது அம்மா இறந்துவிட்டார். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமை துபாஷியாக இருந்தார். அவர் அழைப்பின் பேரில் குடும்பம் புதுச்சேரிக்குக் கிளம்பியது.

புதுச்சேரி அப்போதே பதற்றத்தில் இருந்தது. ஏசு சபைப் பாதிரியார்களுக்குத் தலைமை துபாஷி ஒரு கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம். நைனியப்பர் இந்து. கவர்னர் எபேர் 1716இல் அவரைக் கைது செய்தார். மக்களைத் தூண்டிவிட்டார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று குற்றச்சாட்டு. கசையடி, அபராதம், சிறை என்று தீர்ப்பு வந்தது. மறு வருடம் சிறையிலேயே இறந்துபோனார். திருவேங்கடம் பிள்ளையும் இந்தச் சிக்கலில் மாட்டி, சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

கதை அங்கே முடியவில்லை. நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை நியாயம் கேட்டு பிரான்சுக்கே கப்பல் ஏறினார். வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு, இறந்துபோன நைனியப்பர் குற்றமற்றவர் என்று முடிவானது. குருவப்பர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார். பிரான்ஸை அப்போது ஆண்ட ஆர்லியான்ஸ் பிரபுவே அவருக்கு ஞானத்தந்தை. செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து தலைமை துபாஷி ஆனார். ஆனால் அதிக நாள் வாழவில்லை, 1724இல் இறந்தார்.

நிலைமை மாறியதும் திருவேங்கடம் பிள்ளையும் மகன்களோடு மறுபடி புதுச்சேரிக்கு வந்து தொழிலைப் பிடித்துக்கொண்டார். துபாஷி வீட்டுக்குப் பல்லக்கும் வரும், விலங்கும் வரும் என்பது அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயமாக இல்லை.

சாவி, ஜன்னல், அலமாரி: அந்த நகரத்தின் பேச்சு

1726இல் அப்பா இறந்தபோது ஆனந்தரங்கருக்கு 17 வயது. கவர்னர் லெனுவார் அவரைக் கைவிடவில்லை. பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வேலைகளைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். அடுத்து வந்த கவர்னர் துய்மாவும் ஆதரித்தார். பாக்கு, துணி, தானியம் என்று சொந்த வியாபாரமும் வளர்ந்தது. ஆனந்தப் புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலே வைத்திருந்தார். செங்கல்பட்டு சேஷாத்திரி பிள்ளையின் மகள் மங்கைத்தாயம்மாளைத் திருமணம் செய்துகொண்டார்.

தமிழ், தெலுங்கு, பிரெஞ்சு, போர்த்துகீஸ் என்று பல மொழிகள் அவருக்குப் பழக்கம். போர்த்துகீஸ் ஏன் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் இந்தியக் கடற்கரைத் துறைமுகங்களில் பொதுப் பேச்சு மொழியாக ஓடியது ஒருவகைக் கலப்புப் போர்த்துகீஸ்தான். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் உள்ளூர்க்காரர்களோடு பேச அதையே பயன்படுத்தினார்கள். நம் வீட்டில் இன்றும் புழங்கும் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அந்த வழியாக வந்த சொற்கள்தான்.

ஆனந்தரங்கரின் நாட்குறிப்பும் இந்தக் கலவையில்தான் இருக்கிறது. புலவர் தமிழ் கிடையாது. அன்றைக்குப் புதுச்சேரித் தெருவில் பேசிய தமிழ். நடுநடுவே பிரெஞ்சு, போர்த்துகீஸ், பாரசீகச் சொற்கள். கம்பெனி என்பது கும்பினி ஆகும். முசியே என்பது முசே ஆகும். தமிழ் வருடம், மாதம், தேதி போட்டு அன்றன்றைக்கு நடந்ததைப் பதிந்துகொண்டே போகிறார்.

முதல் பதிவு 1736 செப்டம்பர் 6. அப்போது அவருக்கு 27 வயது. அதன் பிறகு சாகும் வரை, நடுவில் சில இடைவெளிகள் தவிர, சுமார் 25 ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, கவர்னருக்குப் பீரங்கி மரியாதை நடந்தது, புயல் அடித்தது, திருடன் பிடிபட்டான், யார் வீட்டில் கல்யாணம், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார் என்று எல்லாமே உண்டு. ஏழைகளை ஏமாற்றிக் கடத்தி, கப்பலில் ஏற்றித் தீவுகளுக்கு அடிமைகளாக விற்ற கும்பலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

தேவாலயத்துக்குள் ஒரு சுவர்

பல இனம், பல மதம் சேர்ந்து வாழ்ந்த நகரம் என்றால் எல்லோரும் ஒன்றாகக் கலந்து இருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. 1745இல் நடந்த ஒரு தகராறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

புதுச்சேரி சம்பா கோயில் என்று மக்கள் அழைக்கும் தேவாலயத்துக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், இன்னொரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானம் எல்லோருக்கும் ஒன்றுதான், உட்காரும் இடம் வேறு. அந்த ஆண்டு அக்டோபரில் பறையர் கிறிஸ்தவர்கள் இதை எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, நடுவில் சுவர் எதற்கு என்பது அவர்கள் வாதம். பாதிரியார்களும் அதை ஏற்று சுவரை எடுத்துவிட்டார்கள்.

உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். தலைமை துபாஷி கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருவர் மெல்லிய துணி உடுத்தி, நகை அணிந்து வந்ததைப் பாதிரியார் கண்டித்ததும் சேர்ந்து பெரிய பிரச்சினை ஆனது. கடைசியில் சுவருக்குப் பதிலாக நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இரண்டு பக்கத்தையும் பிரித்துவைத்தார்கள். சுவர் போச்சு, பிரிவினை போகவில்லை.

இதையெல்லாம் ஆனந்தரங்கர் குறித்து வைத்தார். ஆனால் அவர் நடுநிலையான பார்வையாளர் கிடையாது. செல்வாக்கான சாதி இந்துக் குடும்பத்தின் பார்வைதான் அவருடையது. அந்தக் கேள்வியை எழுப்பிய பறையர் கிறிஸ்தவர்களின் பெயர்கள் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. நாட்குறிப்பைப் படிக்கும்போது இந்த வெற்றிடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே நேரம், அந்தக் கேள்வி 1745லேயே எழுந்தது என்பது நமக்குத் தெரிய வருவது இவர் எழுதியதால்தான்.

சென்னை விழுந்த வருடம்

1742இல் டூப்ளே கவர்னராக வந்தார். ஆனந்தரங்கரின் வாழ்க்கையின் உச்சமும் சிக்கலும் அப்போதுதான் தொடங்கியது.

1746 பிப்ரவரியில் தலைமை துபாஷி கனகராய முதலியார் இறந்தார். அவர் கிறிஸ்தவர். தன் மகன் நினைவாக உழவர்கரையில் தேவாலயம் கட்டியவர். அவர் இடத்துக்குப் பலர் போட்டி போட்டார்கள். வேலை எல்லாம் ஆனந்தரங்கர்தான் பார்த்தார், ஆனாலும் பதவி உடனே கைக்கு வரவில்லை. மறு வருடம்தான் முறைப்படி தலைமை துபாஷி ஆனார்.

இதற்கு நடுவில் ஐரோப்பாவில் நடந்த ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் இங்கேயும் வந்து சேர்ந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா போர்தொனே சென்னையைத் தாக்கி, புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். ஆனந்தரங்கர் பிறந்த மண் அவர் முதலாளிகளின் கையில் விழுந்தது.

அடுத்து நடந்தது ஒரு வேடிக்கை. 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு கோட்டையை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுக்க லா போர்தொனே ஒப்புக்கொண்டார். டூப்ளே முடியாது என்றார். இரண்டு பிரெஞ்சுத் தலைவர்களும் அடித்துக்கொண்டிருந்தபோது அக்டோபரில் புயல் வந்து கப்பல்களைச் சிதறடித்தது. லா போர்தொனே கிளம்பிப் போக, சென்னை டூப்ளே வசம் வந்தது.

நவாப் அன்வருதீனுக்கு இது பிடிக்கவில்லை. மகன் மாபூஸ் கானைப் படையோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் சுமார் 1,000 பேர் கொண்ட பிரெஞ்சு, சிப்பாய்ப் படை, தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய நவாப் படையை விரட்டியது. ஒழுங்காகப் பயிற்சி பெற்ற சின்னப் படை போதும், இந்திய அரசர்களின் பெரும் படையைச் சமாளிக்கலாம் என்று ஐரோப்பியர்கள் தெரிந்துகொண்டது அந்த ஆற்றங்கரையில்தான். அதன் பலனை அடுத்த 200 ஆண்டுகள் நாடே அனுபவித்தது.

சென்னை வணிகர்கள் புதுச்சேரிக்குக் குடிபெயர வேண்டும் என்று டூப்ளே விரும்பினார். சரக்கும் பணமும் மனிதர்களும் வந்தால்தானே புதுச்சேரி வளரும். ஆனால் பெரும்பாலானோர் அசையவில்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக்கொடுத்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். சொத்து போனாலும் பரவாயில்லை என்று மறுத்துவிட்டார். கோட்டையைப் பிடிப்பது வேறு, ஊர்க்காரர்களைப் பிடிப்பது வேறு.

3 ஆண்டுகள் கழித்து, 1749இல், சென்னை ஆங்கிலேயரிடமே திரும்பிப் போனது. கனடாவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த லூயிபூர் கோட்டையைப் பிரான்ஸுக்குக் கொடுத்ததற்கு இது பதில். ஐரோப்பாவில் மேசையில் உட்கார்ந்து செய்த பண்டமாற்று.

1748 செப்டம்பர்: கோயில் இடிந்த நாள்

ஆனந்தரங்கரின் வாழ்க்கையில் மிகவும் கனமான பக்கம் எது என்றால் வேதபுரீஸ்வரன் கோயில் இடிப்புதான்.

சம்பா கோயிலும் வேதபுரீஸ்வரன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சிவன் கோயிலை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரியார்கள் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தார்கள். முந்தைய கவர்னர்கள் தயங்கினார்கள். இந்துக்கள் ஊரை விட்டு வெளியேறினால் துணி வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். 1746இல் கோயிலுக்குள் அசுத்தத்தைக் கொட்டிய சம்பவங்களை ஆனந்தரங்கர் குறித்திருக்கிறார். அப்போதும் ஊர் கொந்தளித்தது.

1748 ஆகஸ்டில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஊர் முழுக்கப் போர்ப் பதற்றம். மக்களில் பலர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். எதிர்க்க ஆள் இல்லாத அந்த நேரத்தில், செப்டம்பர் தொடக்கத்தில், கோயிலை இடிக்க உத்தரவு வந்தது. டூப்ளேயின் மனைவி ழானுக்கு இதில் பெரிய பங்கு இருந்தது என்பது ஆனந்தரங்கரின் கணிப்பு.

ழான் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். பிரெஞ்சுத் தகப்பன், கலப்பினத் தாய். தமிழ் நன்றாகத் தெரியும். கவர்னருக்குத் தமிழ் தெரியாது. வீட்டுக்குள்ளேயே தமிழ் தெரிந்த ஒருவர் இருந்ததால் துபாஷிக்கு அவரோடு உரசல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அதனால் ழானைப் பற்றி ஆனந்தரங்கர் எழுதியதில் எரிச்சலும் கலந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கோயிலைச் சேர்ந்தவர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஆனந்தரங்கரிடம் ஓடி வந்தார்கள். ஊரிலேயே பெரிய தமிழர் அவர்தான். ஆனால் அவர் கையில் ஒன்றும் இல்லை. எடுத்துச் செல்லக்கூடிய திருமேனிகளைக் காளத்தீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கோயில் இடிந்தது. கேர்தூ என்ற பாதிரியார் மூலவர் லிங்கத்தைக் காலால் உதைத்துச் சுத்தியலால் உடைத்தார் என்று நாட்குறிப்பு சொல்கிறது.

கேர்தூ சாதாரண ஆள் இல்லை. சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் மூன்றும் உறவு மொழிகள் என்று 1767இல் பிரான்ஸ் அறிஞர்களுக்கு எழுதியவர். இதே கருத்துக்காக உலகப் புகழ் பெற்ற வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே சொன்னவர். ஒரு மொழியை ஆழமாகக் கற்பதும், அதைப் பேசும் மக்களின் கோயிலை உடைப்பதும் ஒரே மனிதருக்குச் சாத்தியமாக இருந்திருக்கிறது.

அதே நேரத்தில் பக்கத்தில் இருந்த மசூதியையும் இடிக்கக் கிளம்பினார்கள். சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் நேராகக் கவர்னரிடம் போனார். மசூதியில் கை வைத்தால் ஒரு சிப்பாய்கூட உங்களோடு இருக்க மாட்டான் என்ற ரீதியில் பேசினார். ஊரைச் சுற்றி ஆங்கிலப் படை நிற்கும்போது சிப்பாய்களை இழக்க முடியுமா? மசூதி இடிப்பு நின்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நகரம் எப்படி இயங்கியது என்பது புரியும். அங்கே மத உரிமை என்று எழுதி வைத்த சட்டம் எதுவும் துணைக்கு வரவில்லை. கையில் ஆயுதம் இருந்தவர்களின் குரல் எடுபட்டது. கணக்கும் கஜானாவும் பார்த்துக்கொடுத்தவரின் குரல் எடுபடவில்லை. ஆனந்தரங்கருக்கு இது வலித்தது. நம்மவர்களிடம் ஒற்றுமை இல்லை என்று நொந்துகொண்டார். ஆனாலும் மறுநாள் வழக்கம்போலக் கவர்னர் மாளிகைக்குப் போனார். பதவியைத் தூக்கி எறியவில்லை.

அது கோழைத்தனமா, வேறு வழி இல்லாமையா? நைனியப்பரின் கதி அவர் கண் முன்னால் இருந்திருக்கும். விலகினால் அந்த இடத்துக்கு வரக் காத்திருந்தவர்களும் உண்டு. சொந்த வியாபாரமும் அந்தப் பதவியோடு பின்னிக் கிடந்தது. இந்தக் காரணங்கள் எல்லாம் சேர்ந்துதான் இருந்திருக்கும்.

பட்டம், பாட்டு, வீழ்ச்சி

வெளியில் இருந்து பார்த்தால் அடுத்த சில ஆண்டுகள் பொற்காலம். 1749இல் முசாபர் ஜங் அவருக்கு 3,000 குதிரைக்கு அதிபதி என்ற மன்சப்தார் அந்தஸ்து கொடுத்தார். செங்கல்பட்டுக் கோட்டைக்குத் தலைவர் என்ற பெருமையும் கிடைத்தது. புலவர்கள் தேடி வந்தார்கள். தமிழில் தியாகராய தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சமஸ்கிருதத்தில் சீனிவாச கவி ஆனந்தரங்க விஜய சம்பு எழுதினார். தெலுங்கில் கஸ்தூரி ரங்கையா ஒரு யாப்பு நூலையே அவர் பெயரில் செய்தார். ஒரே வள்ளலுக்கு மூன்று மொழியில் நூல்கள். அந்தக் கடற்கரையின் கலாச்சாரம் எவ்வளவு கலந்து கிடந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

1754இல் டூப்ளேயை பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனந்தரங்கரின் நட்சத்திரமும் இறங்கத் தொடங்கியது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1756இல் கவர்னர் லெரி காலத்தில் பதவி போனது. ஆனால் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

1758இல் வந்த லாலிக்கு இந்த ஊரும் புரியவில்லை, மக்களும் புரியவில்லை. தஞ்சாவூர் படையெடுப்புக்குச் சுமை தூக்க ஆள் கிடைக்கவில்லை என்று, சாதி பார்க்காமல் ஊர்க்காரர்களைப் பிடித்துக் கட்டாய வேலை வாங்கினார். சமத்துவத்துக்காக இல்லை, சுமை தூக்க ஆள் வேண்டும் என்பதற்காக. ஊர் அவரை வெறுத்தது. சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். பிறகு ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்தார்கள்.

உள்ளே சாப்பாடு தீர்ந்தது. உணவைச் சேமிக்க, சுமார் 1,400 உள்ளூர்வாசிகளைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார் லாலி. ஆங்கிலப் படை அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில், சோறு தண்ணி இல்லாமல், பல நாட்கள் அந்த மக்கள் தவித்தார்கள். அந்த நகரத்தை உழைத்து உருவாக்கியவர்களுக்குக் கடைசியில் கிடைத்த இடம் அதுதான்.

1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. அதே நாட்களில் ஆனந்தரங்கரும் இறந்தார். அவருக்கு வயது 51. வெற்றி பெற்ற ஆங்கிலேயர் கோட்டையையும் நகரத்தின் பெரும்பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் பிரெஞ்சுப் பகுதி பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தது. இடிபாடுகளைத் தாண்டி நின்ற சில கட்டிடங்களில் ஒன்று ஆனந்தரங்கரின் வீடு. பெரிய மார்க்கெட் அருகே, அவர் பெயரில் உள்ள தெருவில் இப்போதும் இருக்கிறது. கீழ்த்தளத்தில் தமிழ் வீட்டு மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். அவர் வாழ்ந்த விதம்போலவே வீடும்.

85 ஆண்டுகள் தூங்கிய நாட்குறிப்பு

அவர் எழுதியவை குடும்பத்தார் வீட்டில் அப்படியே கிடந்தன. 1846இல்தான் புதுச்சேரி அரசு அதிகாரி கல்வா மோம்பிரேன் அவற்றைக் கண்டெடுத்துப் படி எடுத்தார். இன்னொரு படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது.

தமிழில் எழுதப்பட்டது முதலில் முழுமையாக நூல் வடிவம் பெற்றது ஆங்கிலத்தில்தான் என்பதுதான் கொடுமை. 1948 முதல் ஞானு தியாகு முயற்சியில் தமிழ்த் தொகுதிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 2019இல் மு.ராஜேந்திரன், அ.வெண்ணிலா இருவரையும் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு 12 தொகுதிகளை அகநி பதிப்பகம் வெளியிட்டது. நாவலாகப் படிக்க விரும்புபவர்களுக்குப் பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் இரண்டும் இருக்கின்றன. வானம் வசப்படும் நாவலுக்கு 1995இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

அந்தக் காலத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஆவணங்களில் பெரும்பாலானவை ஐரோப்பியர் எழுதியவை. கம்பெனிக் கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், பாதிரியார்களின் அறிக்கைகள். அவற்றில் தமிழர்கள் எண்ணிக்கையாகவோ பிரச்சினையாகவோதான் வருவார்கள். இவரோ தமிழராக இருந்து ஐரோப்பியரைப் பார்த்து எழுதினார். கவர்னருக்கு எப்போது கோபம் வரும், அவர் மனைவிக்கு என்ன ஆசை, பாதிரியார்களுக்குள் என்ன சண்டை என்று எல்லாம் அவர் பார்வையில் வருகிறது. பார்க்கப்பட்டவர்கள் திருப்பிப் பார்த்த பதிவு இது.

அவர் பார்க்காமல் விட்டதும் நிறைய. நெசவாளர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா, கப்பலில் ஏற்றப்பட்ட அடிமையின் பெயர் என்ன, தேவாலயத்தில் சுவரை எதிர்த்துக் கேட்டவர்களின் வாழ்க்கை அதன் பிறகு என்ன ஆனது என்ற கேள்விகளுக்கு 12 தொகுதியிலும் பதில் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்களில் யாருக்கும் நாட்குறிப்பு எழுதும் வசதி இருக்கவில்லை.

சென்னையோ புதுச்சேரியோ, பழைய காலனி நகரங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கலந்து அழகாக வாழ்ந்த இடம் என்று சொல்வது சுலபம். கலந்தார்கள், உண்மைதான். ஒருவரோடு ஒருவர் வியாபாரம் செய்தார்கள், ஒருவர் மொழியை ஒருவர் கற்றார்கள், விருந்துக்குப் போனார்கள். ஆனால் யாருடைய சுவர் இடிய வேண்டும், யாருடைய கோயில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் ஒரு சிலர்தான். அந்தச் சிலருக்கு மிக அருகில் நின்றும் முடிவை மாற்ற முடியாத ஒருவர், நடந்ததை மறக்க விடாமல் எழுதி வைத்தார்.